ஈரல் புற்று: ஓசையின்றி வரும் பகை

ஈரலில் புற்றுநோய் ஓரிரவில் தோன்றிவிடுவதில்லை. பல ஆண்டுகளாக, வலி காட்டாமல், படிப்படியாகவே பெரும்பாலும் உருவாகின்றது.

ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், மது, ஈரலில் படியும் கொழுப்பு ஆகியவை உயிரணுக்களை ஓயாது சிதைக்கின்றன. சிதைந்த இடத்தில் புதிய அணுக்கள் வளர்கின்றன. கூடவே தழும்பும் விழுகின்றது. நாளடைவில் ஈரல் இறுகி, முடிச்சு முடிச்சாகிவிடும். இதுவே 'சிர்ரோஸிஸ்'. அம்முடிச்சுகள் சிலவற்றில் அணுக்களின் உருவம் பிறழத் தொடங்குவதே புற்றுக்கு முந்திய நிலை. அவை யாவும் புற்றாக மாறுவதில்லை. ஆயினும் அபாயம் அங்கேதான் இருக்கின்றது. பி கிருமியோ, சிர்ரோஸிஸ் இன்றியும் புற்றை விளைவிக்கக்கூடியது.

எனவே சிர்ரோஸிஸ் உள்ளவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. 6 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் அவசியம். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் குணப்படுத்த வழியுண்டு.

அதனினும் மேலானது, முதற்படியிலேயே தடுப்பது. தைவானில் 1984-ஆம் ஆண்டு பச்சிளங் குழந்தைகளுக்குப் பி தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டுச் சிறார்களிடையே ஈரல் புற்று குறைந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

உங்கள் இல்லத்தில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்திற்குள் அவ்வூசி போடப்பட்டதா என்று தவறாமல் கேளுங்கள்!