தேயாத டயரும் ஏமாற்றும்!

பார்த்தால் புது டயர் மாதிரிதான் இருந்தது. பூ கொஞ்சமும் தேயவில்லை. அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

அப்பா விட்டுச்சென்ற ஹோண்டா சி70 மோட்டார் அது. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பண்டார் தெங்காராவில் சாமான் வாங்கித் தோட்டத்துக்குத் திரும்பினேன். செம்பனைகளுக்கு நடுவே போகும் சாலையில் 'படார்' என்று ஒரு சத்தம். முன் சக்கரத்தில் காற்று இல்லை! ஹேண்டல் ஆடியது, இருவரும் புல்லில் விழுந்தோம். மெதுவாக வந்ததால் மகளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

மோட்டார் கடைக்காரர் டயரை மடக்கிக் காட்டினார். பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். ஓரத்தில் 2611 என்ற எண். 2011ஆம் ஆண்டின் 26ஆம் வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருளாம். எண் மூன்று இலக்கமாக இருந்தால் அந்த டயர் 2000க்கு முற்பட்டது. பழைய வண்டிக்குப் பழைய டயரே அழகு என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ரப்பருக்கும் முதுமை உண்டு. வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அது இறுகி வெடிக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

காற்றடைத்த டயரே ஒரு தந்தையின் அக்கறையில் வந்ததுதான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். பின்னர் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதால்தான் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; நம் முன்னோரும் கப்பலேறி வந்து பால் வெட்டினர்.

ஆனால் மரத்துப் பாலில் செய்த டியூப் காற்றைச் சீக்கிரம் விட்டுவிடும். 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டில் என்ற செயற்கை ரப்பர் காற்றை நெடுநாள் பிடித்துவைக்கும். இன்று பெரும்பாலான டியூப்கள் அதில்தான் செய்யப்படுகின்றன.

கம்பிச் சக்கரத்துக்கு டியூப் ஏன் வேண்டும்? கம்பிகளைப் பூட்டிய துளைகள் வழியே காற்று கசியும் என்பதால்தான். டியூப் கிழிந்தாலோ, அதே துளைகள் வழியே காற்று சட்டென்று வெளியேறிவிடும்.

பழைய மோட்டார் வைத்திருப்போர் கவனத்துக்குச் சில:

டயர் மாற்றும்போது டியூபையும் மாற்றுங்கள். டயரில் 2.50-17 என்றிருந்தால் அகலம் இரண்டரை அங்குலம், ரிம் 17 அங்குலம். டியூப் அதே அளவில் இருக்கட்டும்.

ரிம்மில் துரு இருந்தால் தேய்த்தெடுங்கள். கம்பி முனைகளை மூடும் ரப்பர்ப் பட்டை இற்றுப்போயிருந்தால் புதிது போடுங்கள். இல்லையேல் கம்பி முனை டியூபைக் குத்தும்.

காற்றடிக்கும் வால்வு சாய்ந்திருக்கிறதா பாருங்கள். காற்று குறைவாக ஓட்டினால் டயர் நகர்ந்து டியூபையும் இழுக்கும். வால்வு அடியோடு கிழிந்துவிடும்.

ஓடும்போது காற்றுப் போனால் ஹேண்டலை உறுதியாகப் பிடித்து, எண்ணெய் முறுக்கைக் குறையுங்கள். காற்றுப் போன சக்கரத்தில் பிரேக் பிடிக்காமல், நல்ல சக்கரத்தில் மெல்லப் பிடியுங்கள்.

பள்ளி வாசலில் காலைதோறும் எத்தனையோ பழைய மோட்டார்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகின்றன. இப்போதெல்லாம் என் கண் முதலில் போவது டயரின் மேல்தான். பெற்றோர்களே, நாளைக் காலையில் பிள்ளையை ஏற்றுமுன் ஒரு நிமிடம் குனிந்து, அந்த நான்கு எண்களைப் பாருங்கள்!