மெக்சிகோவின் இறந்தவர்கள் நாள்: கேமராவை எப்போ எடுக்கணும், எப்போ உள்ளே வைக்கணும்?

மெக்சிகோ பயணத்தைப் பத்தின போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "மெழுகுவர்த்தி படம் இருக்கு, பூ இருக்கு, படகு இருக்கு. கல்லறை பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷ முகம்கூட இல்லையே, ஏன்?"

நியாயமான கேள்வி. அப்படி ஒரு படம் எடுத்தேன். இப்போ அது என்கிட்ட இல்ல. ஏன் இல்லன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல அடிப்படை. 'தியா தே முவேர்த்தோஸ்', அதாவது இறந்தவர்கள் நாள், நவம்பர் 1, 2 தேதிகள்ல நடக்குது. முதல் நாள் குழந்தைகளா இறந்தவங்களுக்கு, ரெண்டாவது நாள் பெரியவங்களுக்கு. நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்னிக்கு கல்லறைத் திருநாள் கொண்டாடுறாங்க இல்லையா, அதே நாள்தான். மெக்சிகோவுல ஸ்பானியர்கள் கொண்டுவந்த இந்தத் திருநாளும், அங்க ஏற்கெனவே இருந்த பூர்வகுடிகளோட முன்னோர் வழிபாடும் கலந்துடுச்சு. வீட்டுல ஒரு படையல் மேடை போடுவாங்க. தண்ணி, உப்பு, ரொட்டி, இறந்தவருக்குப் பிடிச்ச சாப்பாடு, அவரோட ஃபோட்டோ. சுத்தி முழுக்க செண்டுமல்லி. அந்த வாசனையைப் பிடிச்சுக்கிட்டு ஆத்மா வீடு வந்து சேரும்ங்கறது நம்பிக்கை. நாம மாலை கட்டுற செண்டுமல்லியோட பூர்வீகமே மெக்சிகோதான்.

நான் போனது மிச்சோகான் மாநிலத்துல இருக்கிற பாட்ஸ்குவாரோ ஏரிப் பக்கம். புரேபெச்சா மக்கள் வாழுற பகுதி. நவம்பர் 1 ராத்திரி குடும்பம் குடும்பமா கல்லறையில விடிய விடிய கண் முழிச்சு உட்கார்ந்திருப்பாங்க. கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற இடம், ராத்திரி நல்ல குளிர். கேமரா பேட்டரி சீக்கிரம் தீரும், அதனால உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கோங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/60. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு இதுவே போதும்.

இப்போ கதைக்கு வர்றேன். ஏரிக்கரையில சின்சுன்சான்னு ஒரு ஊர். ஒரு காலத்துல புரேபெச்சா அரசோட தலைநகரம். அங்க கல்லறைத் தோட்டத்துல ஒரு அம்மா, போர்வையைப் போர்த்திக்கிட்டு, கல்லறை மேல ஒரு கையை வெச்சு உட்கார்ந்திருந்தாங்க. முகத்துல பாதி மெழுகுவர்த்தி வெளிச்சம். நான் தள்ளி நின்னு 85 எம்எம் லென்ஸ்ல எடுத்தேன். என் வாழ்க்கையிலயே நான் எடுத்த நல்ல படம் அதுதான், இப்பவும் அதையேதான் சொல்வேன்.

ரெண்டு நிமிஷத்துல என் வயசு இருக்கிற ஒருத்தர் வந்தார், அவங்க மகன். கொஞ்ச வருஷம் அமெரிக்காவுல வேலை பார்த்தவராம், ஆங்கிலம் தெரிஞ்சிருந்தது. கோபமே இல்லாம, "எங்க அம்மாவை எடுத்தீங்களா? பார்க்கலாமா?"ன்னு கேட்டார். காட்டினேன். அம்மாவும் பார்த்துட்டு ஏதோ கேட்டாங்க. அவர் எனக்கு மாத்திச் சொன்னார்: "இங்க இருக்கிறது யாருன்னு தெரியுமான்னு கேக்குறாங்க."

தெரியல. அவரோட தங்கச்சியாம். இறந்ததுக்கு அப்புறம் வர்ற முதல் நவம்பர். "அம்மாவுக்கு இந்தப் படம் வேண்டாம்"னு மட்டும் சொன்னார்.

அவங்க கண்ணு முன்னாடியே டெலீட் பண்ணேன். அந்த அம்மா தலையாட்டிட்டு, கூடையில இருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் கையில குடுத்தாங்க.

இங்கதான் விஷயம். என் கேமராவுல ரெண்டு மெமரி கார்டு. ஒண்ணுல எடுக்கிறது அப்படியே இன்னொண்ணுலயும் பேக்கப்பா பதிவாகும். நான் அழிச்சது முதல் கார்டுல மட்டும். ரொட்டியை வாங்கும்போது அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது.

தங்கியிருந்த இடத்துக்கு வந்து அந்தப் படத்தை லேப்டாப்ல போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கு நானே சொல்லிக்கிட்ட சமாதானங்களைக் கேளுங்க. "பொது இடம்தானே." "எங்கேயும் போடாம நான் மட்டும் வெச்சுக்கிட்டா என்ன?" "அவங்க எப்படிப் பார்க்கப் போறாங்க?" மூணாவது வந்தப்போதான் மத்த ரெண்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சது. ரெண்டாவது கார்டுலயும் அழிச்சேன். அழிச்ச ஃபைலை மீட்டெடுக்க சாஃப்ட்வேர் இருக்குன்னு என்னை மாதிரி ஆளுக்குச் சொல்லித் தரணுமா? அதனால மறுநாள் அந்தக் கார்டு நிறையுற வரைக்கும் ஏரியைப் படம் எடுத்தேன்.

அப்புறம் நான் எனக்காகப் போட்டுக்கிட்ட கணக்கு இது. மெக்சிகோவோட மத விழாக்களைப் படம் எடுக்கறவங்க பார்வையில மூணு வகையாப் பிரிக்கலாம்.

முதல் வகை, தெருவுல எல்லாரும் பார்க்கணும்னே நடக்கிறது. மெக்சிகோ நகரத்துல இஸ்தபாலாபா பகுதியில புனித வாரத்துல நடக்கிற பாடுகளின் நாடகம் ஒரு உதாரணம். 1833-ல காலரா வந்தப்போ வேண்டிக்கிட்டு, 1843-ல இருந்து நடத்துறாங்க. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாளுக்கு லட்சக்கணக்கான பேர் பேராலயத்துக்கு நடந்து வருவாங்க. இங்க கூட்டத்தைத் தாராளமா எடுக்கலாம். தனி முகம்னா அப்பவும் கேளுங்க.

ரெண்டாவது, பொது இடத்துல நடந்தாலும் குடும்பத்துக்குச் சொந்தமானது. கல்லறை அப்படித்தான். வாசல் திறந்திருக்கறதால அனுமதி கிடைச்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. "புவேதோ தோமார் உனா ஃபோத்தோ?" — ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்கிற இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கோங்க. அதுவும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினதுக்கு அப்புறம்.

மூணாவது, படமே கூடாதுங்கற இடம். சியாபாஸ் மாநிலத்துல சான் ஹுவான் சமூலா தேவாலயம். பெஞ்சே கிடையாது, தரையெல்லாம் பைன் இலை, நூத்துக்கணக்குல மெழுகுவர்த்தி. சோட்சில் மாயா மக்கள் தரையில உட்கார்ந்து வேண்டிக்குவாங்க. உள்ளே போக டிக்கெட் வாங்கலாம், ஆனா கேமரா வெளியே வரக் கூடாது. அதை மீறி ஒளிச்சு எடுக்கிற படத்துக்குப் பேர் திருட்டு.

கிராசியேலா இதுர்பிதேன்னு ஒரு மெக்சிகோ ஃபோட்டோகிராஃபர். தலையில உயிருள்ள இகுவானாக்களோட நிக்கிற ஒரு சந்தைக்காரம்மாவை அவங்க 1979-ல ஹுச்சித்தான் ஊர்ல எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதே ஊருக்கு வருஷக்கணக்குல திரும்பத் திரும்பப் போய், அந்தப் பெண்களோடயே தங்கி வேலை பார்த்தாங்க. புத்தகம் வந்தது 1989-ல. நான் ஒரே ஒரு ராத்திரி போய்ட்டு, அப்படி ஒரு படத்தை எடுத்துட்டு வரப் பார்த்தேன்.

ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் படையல் மேடையிலயும் ஃபோட்டோ இருக்கு. இறந்தவங்க திரும்பி வர்றதுக்குக் குடும்பம் தானே தேர்ந்தெடுத்து வைக்கிற ஃபோட்டோ. நான் எடுத்ததும் ஃபோட்டோதான், ஆனா அதை அந்தக் குடும்பத்துல யாரும் தேர்ந்தெடுக்கல.

அந்த ரொட்டியை அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. ரெண்டாவது கார்டையும் அழிச்சுட்டு, காலையிலதான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே.