பல்லுல கறையா? வெனீருக்கு முன்னாடி கீழ்ப்படியில இருந்து யோசிங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை விட்டுட்டு, வாசிக்கத் தோதா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

சேலம், நாமக்கல் பக்கத்துல இருந்து நம்மளைக் கேக்கறவங்க திரும்பத் திரும்ப அனுப்புற கேள்வி ஒண்ணு இருக்கு. "முன்பல்லு ரெண்டுலயும் வெள்ளைத் திட்டு, நடுவுல பழுப்புக் கோடு. போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கிறேன். சூரமங்கலத்துல ஜங்ஷன் ரோட்டுல நடந்தா 'ஸ்மைல் டிசைனிங்'னு போர்டு கண்ணுல படுது. பிளீச்சிங் பண்றதா, வெனீர் போடறதா?"

இதுல எது நல்லதுன்னு நேரா சொல்லிட முடியாது. உங்க பல்லு ஏன் இந்த நிறத்துல இருக்கு? நீங்க பண்ணப்போற சிகிச்சை உங்க பல்லுல இருந்து எவ்வளவு எடுக்கும்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதி முடிவு எடுத்த மாதிரி. ஏன்னா, எனாமல்ங்கிற மேல்பூச்சு ஒரு தடவை போனா திரும்ப வளராது. முன்பல்லோட வெளிப்பக்கத்துல அதோட தடிமனே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

கறை எங்கிருந்து வந்துச்சு?

டீ, காபி, வெத்தலை, புகையிலைக் கறை பல்லோட மேல ஒட்டியிருக்கிறது. வயசு ஆக ஆக வர்ற மஞ்சள், எனாமலுக்குள்ள இருக்கிற டென்டினோட நிறம். கீழ விழுந்து அடிபட்ட ஒரே ஒரு பல்லு மட்டும் சாம்பலா மாறினா, உள்ள நரம்பு செத்திருக்கலாம். சின்ன வயசுல டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டவங்களுக்குப் பட்டை பட்டையா நிறம் வரும்.

நம்ம பக்கத்துல இன்னொரு காரணம் ரொம்பப் பெருசு: போர் தண்ணி. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் கடினப் பாறை பூமி. அந்தப் பாறையில இருக்கிற கனிமத்துல இருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீர்ல கரையுது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும் ஏத்துக்கலாம். இந்த நாலு மாவட்டத்துலயும் அதைத் தாண்டுன கிணறுகளும் போர்களும் இருக்கு.

பொறந்ததுல இருந்து ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும் நிரந்தரப் பற்களோட எனாமல் தாடைக்குள்ள உருவாகிட்டு இருக்கும். அப்போ ஃப்ளோரைடு அதிகமாப் போனா, எனாமல் நுண்ணிய துளைகளோட உருவாகும். பல்லு முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா வரும். அப்புறம் சாப்பாட்டு நிறம் அந்தத் துளைக்குள்ள இறங்கி பழுப்பாகும். இதுக்குப் பேரு டென்டல் ஃப்ளோரோசிஸ். இடது, வலதுன்னு ஜோடிப் பற்கள்ல ஒரே மாதிரி திட்டு இருந்தா இதைச் சந்தேகப்படலாம்.

இது புதுசு இல்லை. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்ல 1901ல் வேலைக்கு வந்த பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, ஊர்க்காரங்க பல்லுல பழுப்புக் கறையைப் பார்த்து விசாரிக்க ஆரம்பிச்சார். தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடுதான் காரணம்னு 1931லதான் தெரிஞ்சுது. 1937ல் அன்றைய சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர் பகுதியில இதே நோய் எலும்பு வரைக்கும் பாதிக்கிறதை மருத்துவர்கள் பதிவு பண்ணாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணி கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் திறக்கப்பட்டுச்சு. அந்தத் திட்டத்தோட அதிகாரப்பூர்வப் பேர்லயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' இருக்கு.

அதனால, இப்போ வீட்டுக்கு மேட்டூர் தண்ணி வந்தாலும், ரெண்டு வயசுல குடிச்ச போர் தண்ணியோட தடம் உங்க பல்லுல அப்படியே இருக்கும். நீங்க சரியா பல்லு விளக்கலைங்கிறது இதுக்குக் காரணமே இல்லை. அந்தக் குத்த உணர்ச்சியை முதல்ல கீழ வைங்க.

முதல் படி: கிளீனிங்

ஸ்கேலிங், பாலிஷிங். பல்லுல ஒட்டியிருக்கிற காறையையும் மேல்கறையையும் எடுக்கும். "கிளீன் பண்ணா பல்லு ஆடும், தேயும்"னு சொல்வாங்க. காறை போனதும் இடைவெளி தெரியறதால அப்படித் தோணும். முறையா பண்ணினா எனாமலுக்குச் சேதம் இல்லை. டீ, புகையிலைக் கறைதான் உங்க பிரச்சினைன்னா, பல பேருக்கு இதோட வேலை முடிஞ்சுடும். ஃப்ளோரோசிஸ் திட்டு இதுல போகாது.

ரெண்டாவது படி: பிளீச்சிங்

ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள்ள போய், நிறம் குடுக்கிற மூலக்கூறுகளை உடைக்குது. எனாமலைச் சீவறது இல்லை. கிளினிக்ல அதிக அடர்த்தியில ஒரே நாள்ல பண்ணலாம். இல்லைன்னா உங்க பல்லு அளவுக்கு ட்ரே செஞ்சு குடுப்பாங்க. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல் வெச்சு ராத்திரி போட்டுக்கணும். இந்த ட்ரே முறை 1989ல் இருந்தே இருக்கு, பொதுவா ரெண்டு வாரம் ஆகும். மெதுவா வேலை செஞ்சாலும் பல்கூச்சம் குறைவு. கூச்சம் வந்தாலும் பெரும்பாலும் சில நாள்ல போயிடும்.

மஞ்சள் பல்லுக்கு இது நல்லா வேலை செய்யும். ஃப்ளோரோசிஸ்ல பழுப்பு மங்கும். ஆனா வெள்ளைத் திட்டு அப்படியே நிக்கும், ஆரம்பத்துல இன்னும் பளிச்சுன்னு கூடத் தெரியலாம். அதனால "பிளீச் பண்ணேன், மோசமாயிடுச்சு"ன்னு பயப்படறவங்க இருக்காங்க. அடுத்த படியோட சேர்த்துத் திட்டம் போட்டா அந்த அதிர்ச்சி வராது.

இன்னொண்ணு: ஏற்கெனவே போட்ட ஃபில்லிங், கேப் எதுவும் பிளீச்ல வெளுக்காது. பிளீச் பண்ணிட்டு ரெண்டு வாரம் விட்டுத்தான் பாண்டிங் பண்ணணும். அப்போதான் நிறம் நிலைக்கும், ஒட்டுறதும் உறுதியா இருக்கும்.

மூணாவது படி: நம்ம ஊர்க்காரங்க கேட்டுப் பார்க்க வேண்டியது

வெனீர் விளம்பரங்களுக்கு நடுவுல ரெண்டு சிகிச்சைகளோட பேரு அவ்வளவா காதுல விழறதில்லை.

ஒண்ணு மைக்ரோஅப்ரேஷன். குறைஞ்ச அடர்த்தி அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கலந்த பசையால கறை படிஞ்ச மேல்பரப்பை மட்டும் லேசாத் தேய்ச்சு எடுக்கிறது. போறது ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பங்குதான். மேலோட்டமான பழுப்புத் திட்டுக்கு இது பொருத்தம்.

இன்னொண்ணு ரெசின் இன்ஃபில்ட்ரேஷன். ஐகான்னு ஒரு பிராண்டு இருக்கு. துளை இருக்கிற எனாமல் ஏன் வெள்ளையாத் தெரியுது? துளைக்குள்ள இருக்கிற காத்துலயும் ஈரத்துலயும் வெளிச்சம் சிதறுது. எண்ணெய் பட்ட வெள்ளைப் பேப்பர் எப்படி ஒளி ஊடுருவுற மாதிரி ஆகுதோ, அதே கதைதான். எனாமலோட ஒளிவிலகல் எண் 1.62, காத்தோடது 1. ஏறக்குறைய 1.5 இருக்கிற பிசினைத் துளைக்குள்ள இறக்கினா சிதறல் குறையும், திட்டு சுத்தியிருக்கிற நிறத்தோட கலந்துடும். ட்ரில்லிங் கிடையாது, பெரும்பாலும் மரத்துப்போற ஊசியும் வேண்டாம். லேசான, நடுத்தர ஃப்ளோரோசிஸுக்கு ஏத்தது. ஆழமான திட்டு முழுசா மறையாது, மங்கும்.

நாலாவது படி: பாண்டிங்

ஓரம் உடைஞ்ச பல்லு, சின்ன இடைவெளி, குழி விழுந்த எனாமல், இதுக்கெல்லாம் பல்நிறக் காம்போசிட் வெச்சு ஒரே சிட்டிங்ல சரி பண்ணலாம். பல்லை அவ்வளவா சீவ வேண்டியதில்லை. ஆனா டீ, காபிக்குக் கறை பிடிக்கும், அஞ்சாறு வருஷத்துல திரும்பச் சரி பண்ண வேண்டி வரும்.

அஞ்சாவது படி: வெனீர், கேப்

வெனீர்னா பல்லோட முன்பக்கத்துல ஒட்டுற மெல்லிய பீங்கான் தகடு. 1930கள்ல ஹாலிவுட் நடிகர்களுக்கு ஷூட்டிங் நேரத்துல மட்டும் தற்காலிகமா ஒட்டினாங்க. இப்போ நிரந்தரமா ஒட்ட, பொதுவா 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரைக்கும் எனாமலைச் சீவணும். முழுக் கேப்னா நாலு பக்கமும் சீவணும். 2002ல் வந்த ஒரு ஆய்வுல, வெனீருக்குப் பல்லோட மேல்பகுதியில 3 முதல் 30 சதவீதம் வரைக்கும், கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு அளந்தாங்க. இன்ஸ்டாவுல 'டர்க்கி டீத்'னு கூரான குச்சி மாதிரி பல்லைக் காட்டற வீடியோ பார்த்திருப்பீங்க. அதுல பெரும்பாலும் வெனீர்னு சொல்லி கேப்புக்குச் சீவியிருப்பாங்க.

கடுமையான ஃப்ளோரோசிஸ், எனாமல் பேர்ந்து போன பல்லு, வேற எதுக்கும் மசியாத டெட்ராசைக்ளின் கறை, இங்கெல்லாம் வெனீர் நியாயமான சிகிச்சை. வேண்டாம்னு சொல்லலை. ஆனா கணக்கு ஒண்ணு போடுங்க. 22 வயசுல போட்ட வெனீர் 15 வருஷம் நல்லா இருந்தாலும் 37ல் ஒரு தடவை, 52ல் ஒரு தடவை, 67ல் ஒரு தடவை மாத்தணும். ஒவ்வொரு தடவையும் பல்லு ஒண்ணுக்கு ஒண்ணா காசு. பாதியில வேண்டாம்னு கழட்டிட்டுப் பழைய பல்லுக்குத் திரும்ப முடியாது.

பல்லு கோணலா இருக்கிறதுதான் பிரச்சினைன்னா, வெனீர் போட்டு மறைக்கிறதை விட கிளிப்போ அலைனரோ போட்டு நகர்த்துறது நல்லது. பல சமயம் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், முடிஞ்சப்புறம் ரிடெய்னர் போடணும். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஆரம்பிக்கிற வேலை இல்லை. அந்த ஒரு மாசத்துல கிளீனிங், ட்ரே பிளீச்சிங், ரெண்டு வார இடைவெளி, ஒரு பாண்டிங், இது அடங்கும்.

வீட்டு வைத்தியம், பார்லர்

எலுமிச்சைச் சாறை வெச்சுப் பல்லு தேய்க்காதீங்க. அதோட அமிலத்தன்மை பிஎச் 2 பக்கம். 5.5க்குக் கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். கரித்தூள், செங்கல் பொடி எல்லாம் சொரசொரப்பாத் தேய்க்கும். தேய்ஞ்சு உள்ள மஞ்சள் டென்டின் எட்டிப் பார்த்தா, கறை கூடின மாதிரிதான் தெரியும். பிளீச்சிங்கை பார்லர்ல பண்ணாதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 0.1 சதவீதத்துக்கு மேல பெராக்சைடு இருக்கிற பொருளைப் பல் மருத்துவர் வழியாத்தான் தரணும், 18 வயசுக்குக் கீழ தரவே கூடாதுன்னு சட்டம்.

சேர்ல உக்கார்றதுக்கு முன்னாடி

மருத்துவர்கிட்ட கேக்க நாலு கேள்வி. என் கறைக்கு என்ன காரணம்? இதைவிடக் கீழ்ப்படியில ஏதாவது முயற்சி பண்ணிப் பார்க்கலாமா? எத்தனை பல்லு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு சீவுவீங்க? இது எத்தனை வருஷம் வரும், அப்புறம் என்ன செலவு? பொறுமையா பதில் சொல்றவங்ககிட்ட போங்க. அவங்க தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணவங்களான்னும் பாருங்க.

கடைசியா, உங்க வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா, குடிக்கிற தண்ணி போர் தண்ணியான்னு பாருங்க. ஆமான்னா, ஃப்ளோரைடு அளவைப் பரிசோதனை பண்ணுங்க. கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும். காவிரித் தண்ணியோ, ஒழுங்காப் பராமரிக்கிற ஆர்ஓ தண்ணியோ எட்டு வயசு வரைக்கும் குடுத்தாலே, இருபது வயசுல அந்தப் பிள்ளைக்கு இந்தத் திட்டுக்காகச் சிகிச்சை தேட வேண்டிய வேலையே இருக்காது.