அடித்தும் கழலாத பேரிங்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் கரகரவென்று இரைகிறது. பிரித்துப் பார்த்தால் பேரிங் (நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் இரட்டை வளையம்) போய்விட்டது. புதியது வாங்கியாயிற்று, பழையது அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

துரு மட்டும் காரணமல்ல. தொழிற்சாலையிலேயே அதை இறுக்கமாகத்தான் ஏற்றுவார்கள். மோட்டாரில் உள் வளையம் ஷாப்ட்டை (சுழலும் தண்டு) இறுகப் பிடித்திருக்கும். பைக் சக்கரத்தில் பெரும்பாலும் தலைகீழ்; வெளி வளையம்தான் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) இறுகியிருக்கும்.

எதில் இறுகியிருந்தால் என்ன, அடித்தால் வராதா? வரலாம். ஆனால் இறுகிய வளையத்தில்தான் விசை விழ வேண்டும். மற்றதை அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியே போய், அவை உருளும் பாதையில் குழி விழும். பழசுக்கு அதனால் நஷ்டமில்லை. புதியதை ஏற்றும்போது இப்படிச் செய்தால், ஓட்டிய அன்றே இரைச்சல் கேட்கும்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் சர்க்ளிப் (பேரிங் நகராமல் தடுக்கும் கம்பி வளையம்) இருக்கிறதா பாருங்கள். அதைக் கழற்ற மறந்து அரைநாள் சுத்தியலோடு மல்லுக்கட்டியவர்கள் ஏராளம்; நானும் அதில் சேர்த்தி. துருப் பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள்.

மோட்டாருக்கு புல்லர் (கொக்கிகளால் பற்றித் திருகால் இழுக்கும் கருவி) போதும். கொக்கி உள் வளையத்தின் பின்னால் பிடிக்கட்டும். திருகு நன்றாக இறுகியதும் நிறுத்தி, அதன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். பல சமயம் ‘டக்’கென்று நகர்ந்துவிடும்.

ஹப் அலுமினியமா? சூடுதான் கைகொடுக்கும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.07 மி.மீ. அகலும், ஒரு மயிரிழை அளவு. உள்ளிருக்கும் எஃகு அதில் பாதிதான் விரியும் என்பதால் பிடி தளரும். ரப்பர் சீலைக் கழற்றிவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் ஹப்பைச் சுற்றிலும் சூடாக்குங்கள். பெட்ரோலில் கழுவிய பாகம் என்றால் முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

பேரிங் உடைந்து உள் வளையம் மட்டும் ஷாப்ட்டில் நின்றுவிட்டால்? கிரைண்டரால் ஒரு கீறல், ஷாப்ட்டைத் தொடாத ஆழத்துக்கு. பிறகு உளி வைத்து ஓர் அடி. வளையம் விரிசல் விடும். கடினமாக்கிய எஃகு, தெறிக்கும். கண்ணாடி போடாமல் தொடவே தொடாதீர்கள்.

மோட்டார் பேரிங் கையாலேயே உருவி வந்துவிட்டதா? சந்தோஷப்படாதீர்கள். ஷாப்ட் தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால், உள் வளையம் ஷாப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றும். சில வாரங்களில் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.