பாதி மெய், பாதி பொய்: மின்விலாங்கின் பெயர்க்கதை

வடக்கே குடியேறிய நமக்கெல்லாம் பழகிய அனுபவம் இது. குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் வரும். இருட்டில் பொறிகூடத் தெரியும். "தாத்தா, இதுவும் கரண்டா?" என்று பேரன் கேட்டான். கரண்டுதான். எலெக்ட்ரிக் என்ற சொல்லே இப்படித் தேய்த்ததில் பிறந்ததுதான்.

பழங்கால மரப்பிசின் மண்ணில் புதைந்து இறுகியதே ஆம்பர். கிரேக்கர் அதை 'எலெக்ட்ரான்' என்றனர். துணியில் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும். இதுபோல் இழுக்கும் பொருள்களைக் குறிக்க, 1600இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அப்பெயரிலிருந்தே லத்தீனில் ஒரு சொல்லை ஆக்கினார். ஆக, எலெக்ட்ரிக் என்றால் 'ஆம்பரைப் போன்றது' என்று பொருள். நாமோ வானத்து மின்னலை வைத்து மின்சாரம் என்கிறோம்.

சரி, மீனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? மத்தியதரைக் கடலில் ஒருவகைத் திருக்கையைத் தொட்டால் கை மரத்துப்போகும். ரோமாபுரி வைத்தியர் தலைவலிக்கே அதைப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் ஆம்பருக்கும் மீனுக்கும் உறவு உண்டென்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. 1740களில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லேடன் ஜாடி வந்தது. அதைத் தொட்டு அதிர்ந்த பிறகுதான், தென் அமெரிக்க ஆற்று மீனின் அடியும் இதேமாதிரி இருக்கிறதே என்ற ஐயம் எழுந்தது. 1766இல் லின்னேயஸ் அம்மீனுக்கு இட்ட லத்தீன் பெயரில் 'எலெக்ட்ரிகஸ்' என்ற சொல் சேர்ந்தது. 1776இல் ஜான் வால்ஷ் லண்டனில் அந்த மீனிலிருந்து பொறி எழுப்பிக் காட்டினார். பெயர் முந்தியது, சாட்சி பத்தாண்டு பிந்தியது.

அதன் உடலில் ஆயிரக்கணக்கான தட்டுப்போன்ற செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் தருவது சுமார் 0.15 வோல்ட்தான். டார்ச்சில் பாட்டரிக்கட்டைகளை வரிசையாகப் போடுவதுபோல் எல்லாம் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆகிவிடும். 2019இல் வெளியான ஆய்வில் ஓரினம் 860 வோல்ட் வரை காட்டியது. 1800இல் வோல்டா முதல் பாட்டரியைச் செய்தபோது, மீனின் இந்த உறுப்புக்கே அதை ஒப்பிட்டார்.

இனிப் பொய்யான பாதி. இது விலாங்கே அல்ல. கெளுத்திக்கு நெருங்கிய உறவு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்போம். இதுவோ விலாங்கைப்போலவே உருவம் காட்டி நம்மை ஏமாற்றிவிட்டது.

கடையில் சரக்கு வாங்கினால் சீட்டை மட்டும் பார்ப்போமா? பிரித்துப் பார்த்துத்தானே எடுக்கிறோம்! பெயர்களையும் அப்படிப் பிரித்துப் பார்க்க நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.