முக்கூர்த்தி மலையும் நம் வீட்டுக் குடமும்

தொண்டியில் வாழும் நமக்கு மலை என்றால் பெரும்பாலும் படத்தில் பார்த்ததுதான். கிழக்கே திரும்பினால் அலை அடங்கிய பாக் விரிகுடா. மேற்கே திரும்பினால் பனையும் உடையும் சீமைக்கருவேலமும் நிற்கும் சமநிலம். வீட்டு மொட்டை மாடிதான் நமக்குச் சிகரம்! பழந்தமிழர் நிலத்தைப் பிரித்தபோது கடற்கரையை நெய்தல் என்றனர். மலையைக் குறிஞ்சி என்றனர். நெய்தலில் பிறந்த நாம் குறிஞ்சி நிலத்து மலையொன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அதை முடிவில் சொல்கிறோம். முதலில் எங்களோடு மலையேற வாருங்கள்.

மலையின் தோற்றம்

நீலகிரியின் மேற்கு ஓரத்தில், உதகமண்டலத்தின் கடைவீதிகளையும் கூட்டத்தையும் விட்டு வெகுவாக விலகி நிற்பது முக்கூர்த்தி மலை. அதன் உயரம் 2,554 மீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்தால் இதன் உயரம் விளங்கும். இதன் மேற்கு முகம் கேரளத்துக் காடுகளை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு இம்மலை அறுபட்ட மூக்குப் போலத் தோன்றுமாம். சூர்ப்பனகையின் கதையோடு இணைத்து, 'மூக்கறுத்தி' என்பதே முக்கூர்த்தி ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. இராமேசுவரத்துக்கு அருகில் வாழும் நமக்கு இராமாயணப் பெயர்கள் புதியவை அல்ல அன்றோ!

இம்மலையைச் சுற்றி 78.46 சதுர கிலோமீட்டர் நிலம் 1982-இல் சரணாலயமாகவும், 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியையும் பெற்றது. நினைத்தவுடன் சென்று பார்த்துவிடக்கூடிய இடம் அன்று. வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மரமில்லாத மலை

மலை என்றதும் அடர்ந்த காட்டை எதிர்பார்ப்போம். முக்கூர்த்தியில் நம் கண்ணில் முதலில் படுவது புல். மேடும் சரிவும் தொடர்ந்து செல்ல, எங்கு நோக்கினும் புல்வெளி. காற்று ஓயாமல் வீசுகிறது. மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. இரு குன்றுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இவையே சோலைகள். புல்வெளியில் ஆங்காங்கே காட்டுப்பூவரசு மரம் சிவப்பு மலர்களோடு தனித்து நிற்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் நீலகிரியின் செல்வமே. 2018-இல் பூத்த அது 2030-இல் மீண்டும் பூக்க வேண்டும்.

சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? உறைபனி ஒரு முக்கியமான காரணம். குளிர்கால இரவில் வானம் தெளிவாக இருக்கும்போது திறந்த வெளியின் வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். விடியும் முன் புல்லின் மேல் வெண்பனி உறைந்துவிடும். அந்தக் குளிரில் சோலை மரத்தின் இளங்கன்று கருகிவிடுகிறது. புல்லின் உயிர் வேர்ப்பகுதியில் இருப்பதால் அது மீண்டும் தழைக்கிறது. சோலைக்குள்ளோ மரக்கூரை போர்வை போல வெப்பத்தைக் காக்கிறது. எனவே கன்றுகள் அங்கே மட்டும் பிழைக்கின்றன.

மனிதன் காட்டை அழித்ததால் உண்டான புல்வெளி இது என்று சிலர் எண்ணினர். நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த தாவரச் சேற்றை இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்பம் மாறும்போதெல்லாம் காடும் புல்வெளியும் மாறி மாறி விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன என்பது அதனால் தெரிந்தது. புல்வெளி அந்த மலையின் பழைய குடி; இடையில் வந்ததன்று.

இத்தகைய நிலம் நமக்கு எதிர்க்கரையிலும் உண்டு. இலங்கையின் ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கும் புல்வெளியும் குட்டை மரக்காடும் அருகருகே உள்ளன. அதே இனத்துச் சிவப்பு மலரும் பூக்கிறது.

மலையின் மக்களும் விலங்கும்

இப்புல்வெளிகளில் தொன்றுதொட்டு எருமை மேய்த்து வாழ்பவர்கள் தோடர்கள். 1603-இல் யாக்கோமோ ஃபெனிச்சியோ என்னும் இயேசு சபைக் குரு மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறி வந்து இவர்களைச் சந்தித்தார். நீலகிரியை நேரில் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் அவரே. இறந்தோரின் உலகம் மேற்குத் திசையில் இருக்கிறது என்பதும், முக்கூர்த்தி அதன் வாயில் என்பதும் தோடர்களின் நம்பிக்கை. வெளியாரின் கண்ணுக்கு வெறும் பாறை. அவர்களுக்கோ முன்னோர் சென்ற வழி.

தோடப் பெண்களின் பூத்தையல் நம் தையல் வகுப்பு மாணவிகள் அறிய வேண்டிய ஒன்று. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைப்பார்கள். முன்கூட்டியே கோலம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுவார்கள். இக்கலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செங்குத்துப் பாறையில் அஞ்சாமல் நடப்பது நம் மாநில விலங்கான வரையாடு. பகலில் புல்வெளியில் மேயும். ஆபத்து என்றால் பாறை முகத்துக்கு ஓடிவிடும். உலகில் தமிழ்நாடு, கேரள மலைகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 2024-இல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே இருந்தன. நம்மூர்ப் பள்ளி ஒன்றின் மாணவியர் தொகை அளவே!

பச்சையெல்லாம் நன்மையா?

ஆங்கிலேயர் இம்மலைக்கு வந்தபோது மரமில்லாத நிலத்தை வீண் நிலம் என்றே கருதினர். விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின்னரும் ஆலைகளின் தேவைக்காக இவை பெருமளவில் நடப்பட்டன. நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். மரம் நடுவது நற்செயல் என்றே எண்ணினர். ஆனால் சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் புதிது புதிதாக முளைக்கும். 1973 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அயல் மரங்களால் மறைந்துவிட்டது என்று கண்டனர்.

இந்தக் கதை நமக்குத் தெரிந்த கதைதானே? விறகுக்கு உதவும் என்று பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் நம் கண்மாய்களையும் வயல்களையும் எப்படிச் சூழ்ந்துகொண்டது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொலைவில் உள்ள மலையும் நம் கரையும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன. பச்சையாக இருப்பதெல்லாம் நன்மை அன்று. வெறுமையாகத் தோன்றுவதெல்லாம் வீணும் அன்று.

குடத்துக்குள் மலை

தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருவோம். நம் மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழை ஏறத்தாழ 83 சென்டிமீட்டர். முக்கூர்த்திக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் 91 சென்டிமீட்டர் கொட்டியது! அங்கே பெய்யும் மழையைப் புல்வெளியும் சதுப்பும் சோலையும் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை நின்ற பின்னும் ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன.

முக்கூர்த்திப் பகுதி ஓடைகள் பைக்காரா ஆற்றில் சேர்கின்றன. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் அந்த நீரால்தான் இயங்கியது. பைக்காரா மோயாற்றில் சேரும். மோயாறு பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கும். பவானி, கூடுதுறையில் காவிரியை அடையும். அந்தக் காவிரியின் நீரைத்தான் திருச்சிக்கு அருகிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கொண்டு வருகின்றன. ஆகவே, தெருக்குழாயில் அம்மா பிடித்து வரும் குடத்தில் முக்கூர்த்திப் புல்வெளி தேக்கி வைத்த நீரும் சில துளிகள் இருக்கலாம். மலை நமக்குத் தொலைவில் இல்லை, இடுப்பில் இருக்கிறது!

இன்னும் ஒன்று. நமக்கென்றும் ஒரு புல்வெளி உண்டு. அது பாக் விரிகுடாவின் அடியில் இருக்கிறது. அந்தக் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு. மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் அந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடலடிப் புல்லையும் பயனற்றது என்று எண்ணினால், வரையாட்டுக்கு நேர்ந்ததே ஆவுளியாவுக்கும் நேரும். அதன் பின் நம் மீனவர் வலைக்கும் நேரும்.

அன்புத் தோழியரே! மரம் நடும் விழாவில் கன்றை எடுக்கும் முன், "இது இந்த மண்ணின் மரமா? இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று இரண்டு கேள்விகள் கேட்போம். ஒரு நிலத்தை வெறும் பொட்டல் என்று யாரேனும் சொன்னால், அங்கே மேய்வது எது, அதன் நீர் போய்ச் சேருவது எங்கே என்று விசாரிப்போம். நாளை காலை குடத்தை நிரப்பும்போது, மேகம் தவழும் அந்தத் தொலைதூர மலையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.