ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு

ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம் தன்னோடு எதனை எடுத்துச் செல்கிறது? சென்ற தலைமுறையில் அது ஒரு தகரப் பெட்டி. நிலப் பத்திரம், பிள்ளைகளின் ஜாதகம், மணக்கோலத்தில் எடுத்த புகைப்படம் ஆகியன அதனுள் அடங்கியிருக்கும். சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் வட்டாரத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று வாழும் நம்மவர் இல்லங்களில், இன்று அப்பெட்டியின் இடத்தை உள்ளங்கையளவான ஹார்ட் டிஸ்க் பிடித்துக்கொண்டுள்ளது. மறைந்த பாட்டியின் குரலும், பேரப்பிள்ளையின் முதல் நடையும், பாகப் பத்திரத்தின் படமும் அதனுள்ளேதான் உறைகின்றன.

அதில் இட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் வட்டு. சிறிய வெளிப்புற டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வன. சுழலும் பொருள் யாவும் தேயும். ஆதலின் பழையது ஓய்வதற்கு முன்னரே புதியதொன்றில் படி எடுத்துவைப்பது இல்லறத்தார் கடமையாகிறது.

படி எடுத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. ஏட்டுச் சுவடியைச் செல் அரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்கள் நம் முன்னோர். நம் வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள திருமலையும் இதற்கொரு சான்று தருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலினுள் ஒரு சிற்றறையில் வைக்கப்பட்டிருந்தன. செம்பு அழியவில்லை, ஆயினும் பல தலைமுறைகள் அவற்றைத் திறந்து பார்ப்பார் இலர். 1922ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,500 ஏடுகள் வெளிப்பட்டன. பின்னர் அவை அச்சேறி, மக்கள் நாவிலும் ஏறின. பொருள் உறுதியாயிருந்தால் மட்டும் போதாது. அதனைத் திறந்து பார்த்தலும் பெயர்த்தெழுதுதலும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் டிஸ்க் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று சட்டைப் பையில் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க் ஓர் இலட்சம் கோடி எழுத்துக்களைக் கொள்கிறது. கொள்ளளவு பெருகப் பெருக, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நேரமும் பெருகுகிறது. அப்போதுதான், “இது ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?” என்ற சலிப்புத் தோன்றுகிறது. காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலிற் பார்க்கவேண்டியது கேபிள். 2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2 வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 35 மெகாபைட் செல்லும். 2008இல் வந்த யூ.எஸ்.பி. 3 வழியானால், டிஸ்கின் முழு ஆற்றலாகிய 120 மெகாபைட் வரை செல்லக்கூடும். ஒரு டெராபைட்டை மாற்ற முன்னதற்கு 8 மணி நேரம். பின்னதற்கு இரண்டேகால் மணி நேரம். விரைவான போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். டிஸ்கின் பக்கத்திலுள்ள அகன்ற இரட்டைத் துளையின் ஒரு பாதியில் பழைய கைப்பேசிக் கேபிளும் பொருந்திவிடும்; வேலையும் நடக்கும்; ஆனால் வேகம் பழைய வேகமே. டிஸ்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துக.

இரண்டாவது, இணைக்கும் முறை. ஒரே ஹப்பில் இரு டிஸ்குகளையும் செருகினால், ஒரே மடை நீரை இரு வயல்கள் பங்கிடுவதுபோல் வேகமும் மின்சாரமும் பங்கிடப்படும். கணினியின் தனித்தனிப் போர்ட்டுகளிற் செருகுதலே நன்று.

மூன்றாவது, கோப்புகளின் தன்மை. ஒரு பெரிய திரைப்படம் விரைந்து செல்லும்; அதே எடையுள்ள பல்லாயிரம் சிறு படங்கள் ஊர்ந்து செல்லும். ஒவ்வொன்றிற்கும் இடம் தேடிப் பதிவிட வேண்டியிருப்பதே காரணம். சிறு கோப்புகளை ஒரே ஜிப் கட்டாகக் கட்டி அனுப்புவது உதவும்.

நான்காவது, டிஸ்கின் அமைப்பு. சில டிஸ்குகள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதுகின்றன. இவை தொடக்கத்தில் விரைந்து, நெடுநேரம் எழுதியபின் தளர்கின்றன. இது பழுதன்று, சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் வேகம் பெறும்.

ஐந்தாவது காரணமே அஞ்சத்தக்கது. வட்டின் ஒரு பகுதி பழுதுற்றால், டிஸ்க் அவ்விடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயலும். வேகம் அடியோடு வீழும். இத்தகைய மந்தம் நோயின் அறிகுறி. அப்போது பழுது நீக்கும் மென்பொருள்களை ஓட்டி அதனை மேலும் வருத்தலாகாது. ஈடற்றவற்றை முதலிற் படி எடுத்துவிடுக. திரைப்படத்தை மறுபடியும் பெறலாம். பாட்டியின் குரலை எவரிடம் பெறுவது? ‘டிக் டிக்’ என்னும் ஒலி கேட்குமாயின் உடனே மின்னிணைப்பை நீக்கி, தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே தக்கது.

இனி, படி எடுக்கும் முறை. புதிய டிஸ்கை விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துவதாயின் எக்ஸ்ஃபாட் அமைப்பில் ஆயத்தம் செய்க. பழைய ஃபாட் 32 அமைப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. ஆயத்தம் செய்கையில் அந்த டிஸ்கில் முன்னிருந்தவை மறையும். ஆகவே எந்த டிஸ்க் என்பதை இருமுறை நோக்குக. கோப்புகளை ‘கட்’ செய்து நகர்த்தாது, ‘காப்பி’ செய்தே மாற்றுக. இடையில் மின்சாரம் நின்றாலும் மூலம் பிழைத்திருக்கும். வேலை முடியுமட்டும் கணினி உறங்காதபடி அமைத்துவிடுக. முடிந்தபின் இரு பக்கத்துக் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, முதலிலும் நடுவிலும் இறுதியிலும் சிலவற்றைத் திறந்து பார்க்க. பின்னரே முறைப்படி நிறுத்தி டிஸ்கைக் கழற்றுக.

இரு படிகளும் ஒரே அலமாரியில் இருத்தல் கூடாது. நெருப்பும் வெள்ளமும் திருட்டும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். இங்கே புலம்பெயர்ந்தோர்க்கு ஒரு வசதி உண்டு. நமக்கு இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒரு படி நம்மிடம் இருக்க, மற்றொன்றை அடுத்த பயணத்தின்போது ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வைப்போம். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில் இப்பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். பாட்டியின் குரலைப் பிள்ளைகளையும் அருகிருத்திக் கேட்கச் செய்வோம். அவர்கள் அறியாத செல்வத்தை அவர்கள் எவ்வாறு காப்பர்?